மெஷினைத் திறப்பதற்கு முன்னால்

வேலூர்ப் பக்கம் டயாலிசிஸ் மெஷின்களைப் பராமரிப்பவனுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரியாவிட்டால் வேலை ஓடாது. கல்லூரியில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தபோது சென்சார், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் நடத்தினார்கள். போர்வெல் தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கணக்கு இதுதான்: ரத்தத்தின் கழிவை வாங்கிக்கொள்ளும் கரைசலுக்கு டயாலிசேட் என்று பெயர், அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது நிமிடத்துக்கு 500 மில்லி ஓடினால், 4 மணி நேரத்தில் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர். அதற்கும் அவருடைய ரத்தத்துக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்றுதான். நாம் குடிக்கிற தண்ணீரில் ஏதாவது கலந்திருந்தால் குடலும் சிறுநீரகமும் கொஞ்சமாவது பார்த்துக்கொள்ளும். இவருக்கு அந்த வசதி இல்லை.

பாலாறு பெரும்பாலான நாள் வெறும் மணல். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல் தொழிற்சாலைகளின் உப்பு நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. கோடை வந்தால் டேங்கர் லாரிதான். இன்றைக்கு ஒரு கிணறு, நாளைக்கு வேறொன்று. கடினத்தன்மையை சாஃப்ட்னர் எடுத்துவிடும், உப்பை ஆர்ஓ தடுத்துவிடும். கிருமியைக் கொல்லத் தண்ணீரில் போடும் குளோரின்தான் வம்பு. ஆர்ஓ சவ்வு அதைச் சரியாகத் தடுக்காது, போதாக்குறைக்கு சவ்வையும் அது கெடுத்துவிடும். கார்பன் ஃபில்டர் ஓய்ந்துபோயிருந்தாலும் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் அழகான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். குளோரினோ உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டவில்லை என்று பார்த்த பிறகுதான் முதல் ஷிஃப்ட்டே. சோதனை ஸ்ட்ரிப் வாங்கும் ஃபைல் மேல் அலுவலகத்தில் தூங்கினால் நானே போய் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அங்கே நல்ல பெயர் கிடையாது.

அப்புறம் அலாரம். "சார், மூணாம் நம்பர் கத்துது" என்று சிஸ்டர் கூப்பிடுவார். டயாலிசேட்டில் உப்புகள் சரியாகக் கலந்திருக்கின்றனவா என்று காட்டுகிற, 14-ஐ ஒட்டி நிற்க வேண்டிய கண்டக்டிவிட்டி (மின்கடத்துதிறன்) திரையில் இறங்கிக்கொண்டிருக்கும். பேனலைக் கழற்றும் அவசரம் வேண்டாம். பல சமயம் டயாலிசேட்டில் கலக்கும் பைகார்பனேட் கரைசலின் கேன் காலியாகியிருக்கும், இல்லையென்றால் உறிஞ்சுகுழல் அடிவரை இறங்காமல் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். குனிந்து குழலை அழுத்திவிட்டால் எண் மெதுவாக ஏறும். "இதைக்கூடப் பார்க்கலையா சிஸ்டர்?" என்று நோயாளி முன்னால் கேட்டால் தொலைந்தது. அடுத்த முறை கூப்பிட மாட்டார், மியூட்டை அழுத்திவிட்டுப் போய்விடுவார். சால்டரிங் கற்பதைவிட இது கஷ்டமான வித்தை.

புதிதாக வரும் பையன்களுக்கு முதல் வாரம் நான் ஸ்க்ரூடிரைவரே கொடுப்பதில்லை. காலையில் ஆர்ஓ அறைக்குப் போய், கார்பன் ஃபில்டரைத் தாண்டியுள்ள குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதிக்க வேண்டும். டேங்கர் வந்தால், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று டிரைவர் அண்ணனிடம் கேட்டு லாக் புக்கில் எழுத வேண்டும்.