கல்பாசியில் பாதரசம் தேடிய கதை

காற்றிலுள்ள பாதரசத்தை நேரடியாக அளக்கும் கருவி, காற்றை உறிஞ்சித் தங்கத்தின் மேல் செலுத்தும். பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். சூடாக்கினால் கழன்று வரும், 253.7 நானோமீட்டர் ஒளியில் அளவு தெரிந்துவிடும். அந்தக் கருவியையும் ஆர்கான் சிலிண்டரையும் மலைமேல் வைத்து மாதக்கணக்கில் ஓட்ட எங்களுக்கு வசதியில்லை. அதனால் லைக்கனிடம் போனோம். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து ஒரே உயிர்போல மரப்பட்டையிலும் பாறையிலும் படர்வது அது. செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசி இந்த வகைதான். வேர் கிடையாது. வேண்டியதையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்வதால், நெடுநாள் வந்து சேர்ந்த பாதரசம் அதன் உடம்பிலேயே தங்கிவிடும்.

இடம் கொடைக்கானல். அங்கே தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அணுசக்தித் துறையின் ஹைதராபாத் ஆய்வகத்தார் அதன் சுற்றுப்புறத்து லைக்கனையும் பாசியையும் சோதித்து 2003இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஆலை போனாலும் மண்ணில் கிடக்கும் பாதரசம் வெயில் ஏற ஏற ஆவியாகும். அதனால் இன்றைக்கும் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்களும் இப்படி லைக்கன் எடுக்கப் போவதானால், வனத்துறை அனுமதிக்கு முதலில் எழுதிப் போடுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பின்னால்தான் நகரும்.

மரத்தில் எடுக்கும்போது ஒரே இன லைக்கன், ஏறத்தாழ ஒரே உயரம், சாலையோர மரங்களைத் தவிர்ப்பது என்று வைத்துக்கொண்டோம். பவுடர் இல்லாத கையுறை, பிளாஸ்டிக் கத்தி. ஒட்டியிருந்த பட்டைத் துணுக்கை லென்ஸ் வைத்துப் பொறுக்கி எடுப்பதற்குள் கண் பூத்துவிடும். அடுப்பில் 105 டிகிரியில் காயவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது, பாதரசம் பறந்துவிடும். நாங்கள் 40 டிகிரியைத் தாண்டவில்லை.

உண்மையான போராட்டம் ஆய்வகத்தில். மாதிரியே வைக்காமல் ஓட்டிய வெற்று அளவீட்டில் பாதரசம் காட்டியது. அமிலத்தை மாற்றினோம், குடுவைகளை மறுபடி ஊறவைத்தோம், எண் இறங்கவில்லை. கடைசியில் பழைய ஊழியர் ஒருவர்தான், "இந்த ரூம்ல முன்னாடி பிரஷர் பார்க்கற மெர்க்குரி குழாய் உடைஞ்சுது சார்" என்றார். மேசைக்காலை நகர்த்தி டார்ச் அடித்தோம். தரை ஓட்டின் இடுக்கில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளி மணிகள் மின்னின. எத்தனை வருடமாக அந்த அறையில் எத்தனை பேர் மூச்சு விட்டிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. அறையைப் பூட்டி, முறைப்படி சுத்தம் செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தோம்.

வேறு அறைக்கு மாறியதும் வெற்று அளவீடு அடங்கியது. பிறகு எங்கள் அளவீடு சரிதானா என்று பார்க்க, சர்வதேச அணுசக்தி முகமையின் ஐ.ஏ.ஈ.ஏ-336 என்ற, பாதரச அளவு முன்பே தெரிந்த லைக்கன் பொடியை ஓட்டினோம். அதில் கிலோவுக்கு 0.20 மில்லிகிராம் பாதரசம் வர வேண்டும். வந்தது. அதன் பிறகுதான் கொடைக்கானல் மாதிரிகள் இருந்த உறைகளைப் பிரித்தோம். இப்போது தூரத்துச் சோலையில் எடுத்த லைக்கனை வலைப்பைகளில் கட்டி ஆலைப் பக்கத்து மரங்களில் தொங்கவிட்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் இறக்குவோம்.