பென் லாயர்ஸ் மலையில் குட்டி வில்லோவைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் மலைகளில் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத ஒரு வில்லோ மர இனம் இருக்கிறது. தாவரவியல் பெயர் சேலிக்ஸ் அர்பஸ்குலா. ஸ்காண்டிநேவியாவிலும் வட ரஷ்யாவிலும் பரவலாக உண்டு. பிரிட்டனில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்காட்லாந்துக்குத்தான் வரவேண்டும், அதிலும் பெரும்பகுதி லாக் டே ஏரியைச் சுற்றியுள்ள பிரடால்பேன் மலைகளில்தான். இதற்கென்று ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் பென் லாயர்ஸைத் தேர்ந்தெடுங்கள். சுண்ணச் சத்துள்ள அப்ரகப் பாறை, உயரம், ஈரம் மூன்றும் சேர்ந்து கிடைக்கிற மலை இது. மலைத் தாவரங்களுக்கு பிரிட்டனிலேயே இதைவிட நல்ல இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தங்குவதற்குக் கில்லின் கிராமம் வசதி. அங்கிருந்து ஏரியின் வடகரையை ஒட்டி ஏ827 சாலையில் கிழக்கே போய், இடப்புறம் மேலேறும் ஒற்றைத் தடச் சாலையில் திரும்பினால் மலையடி வாகன நிறுத்தம் வரும். மொத்தம் சுமார் 8 கிலோமீட்டர். நிறுத்தமே 400 மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பதால் ஏற்றத்தில் ஒரு பங்கு காரிலேயே முடிந்துவிடுகிறது. குளிர்காலத்தில் அந்தச் சாலையில் பனிக்கட்டி படியும், அப்போது நம்பிப் போகாதீர்கள். எப்படியும் செடியைப் பார்க்க அது காலமல்ல. மே கடைசியிலிருந்து ஜூன் முடிய பூங்கதிர்கள் இருக்கும், ஜூலை, ஆகஸ்டில் இலை முற்றி நிற்கும். ஒரே ஒருமுறைதான் வரமுடியும் என்பவர்களுக்கு ஜூன் நடுப்பகுதியைச் சொல்வேன். பூவும் இலையும் சேர்ந்து கிடைத்தால்தான் இனத்தைச் சந்தேகமில்லாமல் சொல்ல முடியும்.

நிறுத்தத்திலிருந்து உச்சிக்குப் போகும் பாதை சிறிது தூரத்தில் ஒரு வேலிக் கதவைக் கடந்து எட்ராமக்கி ஓடையை ஒட்டி ஏறும். அந்த வேலியைக் கவனியுங்கள். வெளியே ஆடு மேய்ந்து மழித்த புல்வெளி. உள்ளே பிர்ச், ரோவன் மரங்கள், இடுப்பளவு மென்தண்டுச் செடிகள், ஓடைக்கரையில் வில்லோப் புதர்கள். மண்ணும் மழையும் இரு பக்கமும் ஒன்றுதான், வேறுபாடு செம்மறி ஆடும் செம்மானும் மட்டுமே. மலையின் தென்சரிவு 1950 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. வேலி போட்டதும் வில்லோக்களைத் திரும்ப நட்டதும் அவர்கள்தான்.

மலை வில்லோக்கள் செங்குத்துப் பாறை விளிம்புகளில் வாழும் செடிகள் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் கண்ணில் படுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த இடத்தை அவை விரும்பிப் பிடிக்கவில்லை, ஆட்டின் வாய் எட்டாத இடத்தில் எஞ்சியவை மட்டும் அங்கே தப்பியிருக்கின்றன. காட்டு மர எல்லைக்கு மேலே ஈரச் சரிவுகளிலும் ஊற்று கசியும் இடங்களிலும் ஓடைக்கரைகளிலும் புதர்க்காடாகப் பரவியிருக்க வேண்டிய செடிகள் இவை. அதனால் தேடும்போது உயரத்தைவிட எட்டாமையைத்தான் பார்க்க வேண்டும்: ஓடை அரித்த செங்குத்துக் கரை, பாறாங்கல்லின் மேல்புறம், பாறைப் பிளவு. உயரம் பெரும்பாலும் 500 முதல் 850 மீட்டருக்குள்.

இனி அடையாளம். அர்பஸ்குலாவின் இலை நீளம் பெரும்பாலும் 1 முதல் 4 செ.மீ., இரு முனையும் குறுகிய நீள்வட்டம். மேற்புறம் பளபளக்கும் பச்சை, அடிப்புறம் சாம்பல் பூத்த வெளிர்நிறம். பத்து மடங்கு கைலென்ஸை இலை ஓரத்தில் வைத்துப் பாருங்கள்: நெருக்கமான சிறு பற்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சுரப்பி. பூங்கதிர் ஓரிரு செ.மீ. நீளம்தான், இலைகளோடு சேர்ந்தே நிமிர்ந்து வரும். ஆண் கதிரில் மகரந்தப்பைகள் வெடிக்கும் முன் செந்நிறமாக இருக்கும், வெடித்ததும் மஞ்சளாகும். அந்தச் சிவப்பு சில நாள்தான் நிற்கும், பார்த்தால் உடனே படமெடுத்துவிடுங்கள்.

குழப்பம் வருவது உறவினங்களோடுதான். மிர்சினைட்டிஸ் என்ற இனமும் குட்டைதான், பற்களும் உண்டு. ஆனால் இலை இரு புறமும் ஒரே பளபளப்புப் பச்சை, போன வருடத்துச் சருகுகளும் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே இலையைத் திருப்பிப் பார்க்காமல் பெயர் சொல்லவே கூடாது. லப்போனம் தூரத்திலிருந்தே தெரியும்: இலை முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு ரோமம், ஓரத்தில் பற்கள் கிடையாது. ஃபிலிசிஃபோலியா வளர்ந்தால் ஆளுயரத்தைத் தாண்டும், இலையும் பெரிது. ஆனால் மேய்ச்சலில் வெட்டுப்பட்டுக் குட்டையாக நிற்கும்போது அர்பஸ்குலா என்று ஏமாற்றிவிடும். உயரத்தை வைத்து முடிவு செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். மெல்லிய குச்சிகளின் நுனி மொட்டையாக இருந்தால் அந்தச் செடியின் உயரம் கணக்கில் வராது. வில்லோக்கள் தங்களுக்குள் எளிதில் கலப்பதால், இரண்டு இனத்தின் குணமும் சேர்ந்த செடி தென்பட்டால் கலப்பினம் என்று குறித்துக்கொண்டு நகருங்கள்.

ஒவ்வொரு செடியும் ஆணா பெண்ணா என்று குறித்து வைப்பது நல்ல பழக்கம். வில்லோவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரு பாறையில் பெண் செடி மட்டும் நின்று, அடுத்த ஆண் செடி வெகுதொலைவில் இருந்தால் விதை பிடிப்பது அரிது. பிடித்தாலும் பஞ்சுடன் பறக்கும் அந்தப் பொடி விதைக்கு ஆயுள் குறைவு. சில நாட்கள், மிஞ்சிப்போனால் சில வாரங்களுக்குள் ஈரமான வெற்று மண்ணில் விழுந்தாக வேண்டும். அடர்ந்த புல்மேல் விழுந்தால் வீண். முளைத்தாலும் ஆடு விடாது. மேய்ச்சல் இன்னொரு வழியிலும் கெடுக்கிறது: அடுத்த வருடப் பூமொட்டு இந்த வருடக் குச்சியில்தான் உருவாகும். குளிர்காலத்தில் அந்தக் குச்சியைக் கடித்துவிட்டால் செடி சாகாது, ஆனால் பூக்காது. வருடா வருடம் இது நடந்தால் உயிரோடு இருந்தும் வாரிசில்லாத செடி. மலையில் இன்று காணும் பல புதர்களின் நிலை இதுதான், இது என்னை மிகவும் வருத்துகிறது.

மீட்பு வேலை செய்கிறவர்கள் அதனால்தான் விதையோ தண்டுத் துண்டோ ஒரே செடியிலிருந்து எடுப்பதில்லை. ஒரு செடியிலிருந்து வெட்டிய நூறு துண்டும் ஒரே பால், ஒரே மரபணு. நட்ட இடம் பசுமையாகத் தெரியும், விதை மட்டும் வராது. பல பாறைகளிலிருந்து இருபாலிலும் சேகரித்து, நாற்றங்காலில் வளர்த்து, மகரந்தம் கொண்டுபோகும் பம்பிள் தேனீக்கள் எளிதாகப் போய்வரும்படி கூட்டம் கூட்டமாக நடவேண்டும். அதன்பிறகும் வேலியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கனத்த பனி கம்பியை அமுக்கிவிட்டால், அந்த ஒரு இடைவெளி வழியாக நுழையும் மான்கள் பல வருட வளர்ச்சியைத் தின்று தீர்த்துவிடும். வேலிக்குள்ளேயே வயல் எலிகள் இளம் தண்டின் பட்டையைக் கொறிப்பதும் உண்டு.

பாதையில் நடக்க ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் எல்லோருக்கும் உரிமை தருகிறது, பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கதவைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள், அந்த வேலியின் பயனே அதில்தான் இருக்கிறது. எந்தக் காட்டுச் செடியையும் நில உரிமையாளர் அனுமதியில்லாமல் வேரோடு பிடுங்குவது 1981 வனவுயிர், கிராமப்புறச் சட்டப்படி குற்றம். ஒரு குச்சியைக்கூட ஒடிக்காதீர்கள். இலையைக் கிளையிலேயே திருப்பிப் படமெடுத்தால் போதும். ஊற்று கசியும் இடங்களில் கால் வைக்காமல் ஓரமாகச் சுற்றிப் போங்கள், பாசி படிந்த அப்ரகப் பாறை வழுக்கும். பாறை விளிம்பில் இருக்கும் செடிகளை எட்டு மடங்கு பைனாகுலரில் கீழிருந்தே பார்க்கலாம், ஏற வேண்டாம்.

1:25,000 அளவுள்ள ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம், திசைகாட்டி, மழை அங்கி மூன்றும் பையில் இருக்கட்டும். ஜூனிலும் மேகம் இறங்கினால் பத்தடி தெரியாது. காற்றில்லாத நாளில் ஓடைக்கரையில் மிட்ஜ் கொசுக்கள் மொய்க்கும், முகவலை எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லோ மட்டும் போதுமென்றால் எட்ராமக்கி ஓடைப் பகுதியை இரண்டு, மூன்று மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம். பென் க்ளாஸ் (1,103 மீட்டர்) வழியாக உச்சிக்குப் போய்த் திரும்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும். போகிறவர்கள் மேட்டு முகட்டில் குனிந்து பார்க்க வேண்டியது ஹெர்பேசியா என்ற இன்னொரு குட்டி வில்லோவை. தண்டு பெரும்பாலும் மண்ணுக்கடியில் ஓட, சில செ.மீ. மட்டும் வெளியே தெரியும். வட்டமான இலை, இரு புறமும் பச்சை, ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு மூன்றுதான். பாசியும் சரளையும் கலந்த தரையில், பாதையின் நடுவிலேயே இருக்கும், ஆகவே முகட்டில் காலை எடுத்து வைக்குமுன் தரையைப் பாருங்கள்.