14 நாளும் புதுக்கடைப் பயணங்களும்

கடற்கரையில் நடந்த ஒரு சண்டையில் ஒரு பையன் செத்துப்போன வழக்கில் தம்பிக்குத் திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் 12 வருடக் கடூழியச் சிறை என்று வாசித்த அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மேன்முறையீடு என்ற சொல்லே ஞாபகத்துக்கு வரவில்லை. அம்மா கோணேசர் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தார், நான் யாரிடம் காசு மாறலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள்தான் தெரிந்த ஒரு அண்ணா சொன்னார், தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து 14 நாள்தான் கணக்கு, ஓடுங்கோ என்று.

ஓடத் தேவையில்லை என்பது பிறகுதான் விளங்கியது. மறியலில் இருக்கிறவர் அந்த 14 நாளுக்குள் தன் விருப்பத்தையும் காரணத்தையும் சிறைச்சாலை அதிகாரியிடம் சொன்னாலே போதும், மனுவைத் தயாரித்து மேல் நீதிமன்றத்தில் சேர்ப்பது அவர்களுடைய கடமை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 331ஆம் பிரிவு. தம்பி அப்படித்தான் போட்டான்.

பிணையும் கேட்டுப் பார்த்தோம். அதற்கு விசேட காரணம் வேண்டுமாம், எங்களிடம் இல்லை. அப்புறம் காத்திருப்புத்தான். சாட்சியம் முழுக்கத் தமிழில், அதை மொழிபெயர்த்து வழக்கேடு தயாராகிக் கொழும்புக்குப் போக வருடங்கள் போய்விட்டன.

உண்மையான சண்டை வீட்டுக்குள்தான் நடந்தது. தீர்ப்பையே எதிர்ப்பதா, தண்டனையை மட்டும் குறைக்கக் கேட்பதா என்று சட்டத்தரணி கேட்டார். தண்டனைக்கு எதிராக மட்டும் போனாலும் நீதிபதிகள் அதைக் கூட்டவும் சட்டம் இடம் கொடுக்கிறது, கொலைக்குற்றமாகாத மனிதக்கொலைக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 297ஆம் பிரிவில் 20 வருடம் வரை போகலாம் என்றும் எச்சரித்தார். என் பிள்ளை செய்யவில்லை என்று அம்மா ஒரே பிடி. கடற்கரையில் அந்த வாய்த்தர்க்கத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! கடைசியில் பார்வையிடப் போன நாளில் தம்பியே சொன்னான், "அக்கா, நான் அடிச்சது உண்மைதானே." அன்று வீடு வரும்வரை அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள், சரி, தண்டனையை மட்டும் கேளுங்கள் என்றார்.

விசாரணைக்கு இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், புதுக்கடையில் இருக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனோம். இரண்டு நீதிபதிகள். தம்பி சிறையிலிருந்து சூமில் வந்தான், திரையில் முகம் தீப்பெட்டியளவு. திடீர்ச் சண்டை, முன்குற்றம் இல்லை, விளக்கமறியலில் கழிந்த காலம் என்று எங்கள் சட்டத்தரணி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு உயிர் போயிருக்கிறது என்றார் அரச தரப்பு. அதில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை, செத்த பையனின் தாயும் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார்.

வேறொரு தவணையில் தீர்ப்பு வந்தது, 12 எட்டாகக் குறைந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த எட்டும் முதலில் குற்றவாளியாக்கிய நாளிலிருந்தே கணக்கு என்று கட்டளையில் எழுதியது. மேன்முறையீடு நடந்த காலம் தானாகவே கழியும் என்று நம்பி இருக்காதீர்கள், உங்கள் சட்டத்தரணியைக் கட்டாயம் வாய்திறந்து கேட்கச் சொல்லுங்கள். ஜனாதிபதிக்கு எழுதுங்கள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், அது 34ஆம் உறுப்புரையின் மன்னிப்பு, இதோடு சேராத வேறு பாதை.

அம்மா இப்போது கலண்டரில் திரும்ப எண்ணத் தொடங்கியிருக்கிறார். நன்னடத்தைக் கழிவு எவ்வளவு வரும் என்று அடுத்த பார்வையில் கேட்க வேண்டும்.