லார்கோ என்றால் நீளமா, அகலமா? பிரெஞ்சுக்குப் பிறகு ஸ்பானியம் படிப்பவர்களுக்கு

பிரெஞ்சு படித்த கையோடு ஸ்பானிய மொழியின் டெலே பி1 என்ற இடைநிலைத் தகுதித் தேர்வுக்கு உட்காருபவர்களுக்குப் பாதிச் சொற்கள் ஏற்கெனவே பழகியவை போலத் தெரியும். நானும் அந்த வழியில் வந்தவன். அந்தத் தெம்பு நல்லதுதான். படிப்பு வேகமாக நகரும். ஆனால் அளவைக் குறிக்கும் சொற்களில் அதை நம்ப வேண்டாம்.

‘மேசா லார்கா இ எஸ்த்ரெச்சா’ என்று ஒரு தொடர். மேசா நமக்கு அந்நியமே இல்லை. போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த மேசைதான் அது. எஸ்த்ரெச்சாவுக்கும் பிரெஞ்சின் எத்ருவாத்துக்கும் லத்தீன் மூலம் ஒன்றே, பொருள், குறுகலான. லார்காவைக் கண்டதும், பிரெஞ்சின் லார்ஜ் என்ற சொல்லை நினைத்து, பிரெஞ்சுப் பழக்கம் ‘அகலமான’ என்று எடுத்துக் கொடுக்கும். அகலமாகவும் குறுகலாகவும் ஒரு மேசை எப்படி இருக்க முடியும்? ஸ்பானியத்தில் லார்கோ (பெண்பால் பெயரோடு வந்தால் லார்கா) என்றால் நீளம். அது நீண்டு குறுகிய மேசை.

இந்தக் குழப்பத்தை வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். சொல்லின் பயணத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது. லத்தீனில் லார்குஸ் என்பதற்குப் பொருள் வளமான, வாரி வழங்குகிற. தமிழில் ‘தாராளம்’ என்கிறோமே, ஏறக்குறைய அதேதான். கொடுப்பவரின் கையும் தாராளம், கூடத்தில் உட்கார இடமும் தாராளம். அந்த இடத் தாராளத்தைப் பிரெஞ்சு, இத்தாலியம், போர்ச்சுகீசியம், ருமேனியம் எல்லாம் அகலமாக்கிக்கொண்டன. ஸ்பானியமும் கத்தலானும் நீளமாக்கின. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன லார்ஜ், ‘பெரிய’ என்று ஆனது. கொடை என்ற பழைய பொருள் ஆங்கிலத்தின் லார்ஜெஸ் என்ற சொல்லில் தங்கியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜெர்மனிலும் லார்ஜ் என்றால் தாராளமான, கெடுபிடி இல்லாத என்று பொருள். எனக்கு இந்தக் கிளைக்கதையில் மிகவும் பிடித்தது லிஸ்பன் நகரம்தான். அங்கே சிறிய சதுக்கத்துக்கே லார்கு என்று பெயர். 1974 ஏப்ரல் 25 அன்று, போர்ச்சுகலின் சர்வாதிகாரம் வீழ்ந்த நாளில், மக்கள் திரண்டு நின்ற இடங்களில் ஒன்று லார்கு து கார்மு.

ஸ்பானியம் ஏன் இப்படிப் பிரிந்தது என்று கேட்பீர்கள். நீளத்தைச் சொல்ல லத்தீனின் லோங்குஸிலிருந்து வந்த ‘லுவெங்கோ’ என்ற சொல் அங்கும் இருந்தது. அது வழக்கொழிந்தது, காலியான நாற்காலியில் லார்கோ உட்கார்ந்துகொண்டது. அகலத்துக்கு ‘ஆன்ச்சோ’ இருந்தது. அதனால் சிக்கல் எழவில்லை.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி எளிது. ஒரு சொல்லை அதன் எதிர்ச்சொல்லோடும், அது ஒட்டிக்கொள்ளும் பெயர்ச்சொல்லோடும் சேர்த்தே எழுதிவைப்பது. ஸ்பானியத்தில் லார்கோவுக்கு எதிர் கோர்த்தோ, ஆன்ச்சோவுக்கு எதிர் எஸ்த்ரெச்சோ. ‘பெலோ லார்கோ’ நீளமான முடி, ‘கால்யே ஆன்ச்சா’ அகலமான தெரு. இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தமிழ்ப் பொருளை மட்டும் எதிரே எழுதிவைப்பதைவிட இது பன்மடங்கு உதவும்.

முக்கியமாகப் பேச்சுத் தேர்வுக்கு. பி1 நிலையில் ஒரு புகைப்படத்தைப் பார்த்து விவரிக்கச் சொல்வார்கள். தெரு அகலமானது என்று சொல்ல நினைத்து ‘கால்யே லார்கா’ என்றால் இலக்கணம் சரியாகவே இருக்கும். கேட்பவர் நீளமான தெரு என்று புரிந்துகொள்வார். தேர்வறையில் திருத்திச் சொல்ல யாரும் இல்லை. வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 எடுத்தாக வேண்டும். ஒன்றில் அள்ளிய மதிப்பெண் இன்னொன்றின் குறையை ஈடுகட்டாது. ஆகவே பேச்சைக் கடைசி வாரத்துக்கு ஒத்திவைக்காதீர்கள்.

எல்லாப் போலி ஒற்றுமைகளையும் துரத்த நேரம் இருக்காது. விடையையே புரட்டிப்போடும் சொற்களை மட்டும் எடுங்கள். லார்கோவுக்கு அடுத்து நான் வைப்பது ‘எவெந்துவால்’. இதன் வேர் லத்தீனின் எவெனீரே, அதாவது வெளியே வருதல், நிகழ்தல். ஆங்கிலத்தின் ஈவெஞ்சுவலி, ‘கடைசியில் நடந்தே தீர்ந்தது’ என்று முடிவைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சும் ஜெர்மனும் தற்செயலைப் பிடித்துக்கொண்டன. அங்கே அது ‘நடக்கலாம், நடக்காமலும் போகலாம்’. ஸ்பானியத்தில் ‘த்ரபாஹோ எவெந்துவால்’ என்றால் தற்காலிக வேலை. வேலை விளம்பரத்தில் இதைப் பார்த்து, காலப்போக்கில் நிரந்தரமாகும் வேலை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நிரந்தரத்துக்கு ‘ஃபிஹோ’ என்ற சொல் இருக்கிறது. இரண்டையும் ஒரே வரியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.