தொழுகையை விடாமலே வஸ்வாஸுக்கு சிகிச்சை பெற்றேன்

ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யும்போது சந்தேகம் வருவது எல்லோருக்கும் உள்ளதுதான். எனக்கு அது வந்தால் போகவே போகாது. இந்த ஓயாத சந்தேகத்தைத்தான் வஸ்வாஸ் என்போம். முழங்கை நனைந்ததா, தலையைத் தடவினேனா, நடுவில் காற்றுப் பிரிந்ததா என்று திரும்பத் திரும்பக் குழாயடிக்குப் போவேன். லுஹருக்கு (மதியத் தொழுகைக்கு) ஒளு செய்யப் போனால் தொழுது முடிப்பதற்குள் அஸருக்கு (மாலைத் தொழுகைக்கு) பாங்கு சொல்லிவிடுவார்கள். ஸஜ்தாவில் (நெற்றி தரையில் படப் பணிந்து) இருக்கும்போது அல்லாஹ்வைப் பற்றி வாயால் சொல்லக்கூடாத எண்ணங்கள் வரும். அதை யாரிடமும் சொல்லவில்லை. கைத்தோல் வெடித்த பிறகுதான் வீட்டில் கவனித்தார்கள்.

முதலில் கிடைத்த அறிவுரை, ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு, திக்ரை, அதாவது இறைத்துதியை, கூட்டு என்பது. கூட்டினேன். திக்ரையும் எண்ணிக்கை தவறியதோ என்று முதலிலிருந்து ஓத ஆரம்பித்தேன். பிறகு போன மனநலக் கவுன்சிலர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "கொஞ்ச நாள் தொழுகையை நிறுத்திப் பாருங்களேன்." எனக்குப் பகீரென்றது. மறுபடி அங்கே போகவில்லை. ஒருவர் நோயைப் பார்க்கவில்லை, மற்றவர் எனக்குத் தொழுகை என்ன என்று பார்க்கவில்லை. இப்படி இரண்டு பக்கமும் தள்ளப்பட்டு, வெளியே சொல்லாமல் தவிக்கும் பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்த கவுன்சிலரைத் தேடும்போது போனிலேயே கேட்டுவிட்டேன். ஓசிடிக்கு, அதாவது வேண்டாத எண்ணங்களும் அதற்காகத் திரும்பத் திரும்பச் செய்வதுமான மனநோய்க்கு, சிகிச்சை தரப் பயிற்சி எடுத்தவரா? நான் சொல்வது வீட்டாருக்குப் போகுமா? தொழுகையை விடச் சொல்வீர்களா? அவர் முஸ்லிம் அல்ல. ஆனால் கடைசிக் கேள்விக்கு, "நீங்கள் விரும்புகிற மாதிரி தொழ முடிய வேண்டும், அதுதானே உங்கள் இலக்கு?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே போனேன்.

முதல் அமர்வில் ஒரு கேள்வித்தாள். ஓசிடி எவ்வளவு தீவிரம் என்று அளப்பது, யேல்-பிரவுன் அளவுகோல் என்று பெயர். பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். எண்ணங்கள் எவ்வளவு நேரத்தைத் தின்கின்றன, செய்யாமல் இருந்தால் எவ்வளவு பதற்றம் என்பது போன்ற கேள்விகள். பாவம் செய்தவளாக இல்லாமல் நோயாளியாக யாரோ என்னைப் பார்த்தது அன்றுதான். அழுதுவிட்டேன்.

மாமியார் வீட்டு விஷயத்தைப் பேச மட்டும் நாக்கு எழவில்லை, புறம் பேசுவதாகிவிடுமே. கவுன்சிலர் வற்புறுத்தவில்லை. மார்க்கம் படித்த ஒருவரிடம் கேட்டு வரச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஆலிமா (மார்க்கம் படித்த பெண்), ஹிந்த் (ரலி) தன் கணவர் அபூ ஸுஃப்யான் செலவுக்குப் போதுமானது தருவதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடமே முறையிட்டதை நினைவுபடுத்தினார். உதவி கேட்பதற்காகத் தேவையான அளவு சொல்வது புறம் ஆகாது என்றார். அந்தப் பாரம் இறங்கியது.

அந்த ஆலிமாவையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டோம். ஆனால் ஒரு நிபந்தனை: எந்தச் சட்டத்தையும் ஒரே ஒரு முறைதான் கேட்க வேண்டும். பதில் கேட்டால் நிம்மதி வரும், சிறிது நேரத்தில் போய்விடும், மறுபடி கேட்கத் தோன்றும். அந்தக் கேட்பதும் கை கழுவுவதைப் போல நோயின் பகுதிதானாம். எனக்கு இதுதான் பெரிய திறப்பு. அவர் தந்த பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். காற்றுப் பிரிந்த சத்தமோ வாடையோ உறுதியாக உணராத வரை தொழுகையை விட்டுப் போகக்கூடாது என்ற ஹதீஸ் (நபிமொழி). உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்ற ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) விதி. உறுப்புகளை ஒரு முறை கழுவினாலும் ஒளு நிறைவேறும் என்பது. சொல்ல முடியாத எண்ணங்களைப் பற்றி ஸஹாபாக்களே (நபித்தோழர்களே) முறையிட்டபோது, அதை வெறுப்பதைத் தெளிவான ஈமான் என்று நபியவர்கள் சொன்னதையும் எழுதினேன். அந்தத் தாளையும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் படிக்கக் கூடாது என்றார் கவுன்சிலர்!

பிறகு பயிற்சி. பயத்தை எதிர்கொள்வது, ஆனால் அது கேட்பதைச் செய்யாமல் இருப்பது. ஒரு பாத்திரத்தில் அளந்த தண்ணீர், உறுப்புக்கு ஒரு முறை, முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் முஸல்லாவுக்கு (தொழுகை விரிப்புக்கு). நெஞ்சு படபடக்கும். "இந்தத் தொழுகை கூடாமல் போயிருக்கலாம்" என்ற எண்ணத்தோடேயே தொழ வேண்டும். எளிதாக இல்லை. சில நாள் முடியவே இல்லை. பதற்றம் தானாக இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

தொழுகை இல்லாத மாதவிடாய் நாட்களில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கும், அதற்காகவே குற்றவுணர்வும் இருக்கும். இதைச் சொன்னபோது கவுன்சிலர் ஆச்சரியப்படவில்லை. சோர்ந்தவருக்கு ஓய்வு இதமாகத்தானே இருக்கும் என்றார். உண்மையான சிரமம் மாதவிடாய் முடிந்து குளிக்கும் நாளில்தான். நின்றுவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஒரு முடி நனையாமல் விட்டதோ என்று மணிக்கணக்கில் குளிப்பது. அதைப் பயிற்சிப் பட்டியலில் கடைசியாக வைத்தோம்.

மனநல மருத்துவர் மாத்திரையும் தந்தார். ஓசிடிக்கு அது பலன் தர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம் என்று முன்பே சொல்லிவிட்டதால் நடுவில் நிறுத்தவில்லை. ரமளானில் அவரிடமே கேட்டு ஸஹருக்கு (விடியலுக்கு முன் சாப்பிடும் நேரத்துக்கு) மாற்றிக்கொண்டேன். மாத்திரை எடுப்பது தவக்குலுக்கு (அல்லாஹ்வையே நம்பியிருப்பதற்கு) எதிரானது என்று உம்மா கலங்கினார். பல்க் நகரத்து அபூ ஸைத் அல்-பல்கி (850–934) உடல் நோய்களோடு மன நோய்களுக்கும் சேர்த்து நூல் எழுதியதையும், அதில் வஸ்வாஸுக்குத் தனியே இடம் தந்ததையும் ஆலிமா எடுத்துச் சொன்னதும் சமாதானமானார்.

இப்போது ஐந்து நேரமும் நேரத்தில் தொழுகிறேன், அல்ஹம்துலில்லாஹ். சந்தேகம் வராமல் இல்லை. தூக்கம் கெட்டாலோ வீட்டில் மவுத்து (சாவு) நடந்தாலோ அதிகமாகும். பிரசவத்துக்குப் பிறகும் கூடலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். அதற்கென்று ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறோம்: யாரைக் கூப்பிடுவது, எந்தப் பயிற்சியை மறுபடி தொடங்குவது என்று. என் கணவருக்கும் அதில் ஒரு வேலை உண்டு. "சரியாகக் கழுவினேனா?" என்று நான் கேட்டால் முன்பெல்லாம் ஆமாம் என்பார். இனி பதில் சொல்லாமல், பக்கத்தில் முஸல்லாவை விரித்து நிற்க வேண்டும்.