சுகயீனம் காரணமாக

'சுகயீனம் காரணமாக' என்று எழுதியது நான்தான். நான் கணக்காளர், முதலாளி என்பது என்னிடம் வரி வேலை கொடுக்கும் ஓர் இரும்புக் கடைக்காரர். அவர் சொல்லி எழுதவில்லை. அவர் கையொப்பம் மட்டுமே வைத்தார்.

வரித் திணைக்களத்துக்குப் போன அந்தக் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்த வசனம் இது. ஜூன் 2ஆம் திகதி அவருக்குக் கண்புரை சத்திரசிகிச்சை நடந்தது உண்மை. அதற்குப் பிறகு இரண்டு கிழமை கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் இருந்ததும் உண்மை. இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று திணைக்களம் அனுப்பிய மதிப்பீட்டு அறிவித்தலுக்கு மறுப்புச் சொல்ல வேண்டிய 30 நாட்கள் அதற்குள் முடிந்துபோனதும் உண்மை. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவற்றுக்கு நடுவே ஒரு 'காரணமாக' போட்டேன். அந்த ஒரு சொல்தான் இன்னும் உறுத்துகிறது.

உண்மையான காரணம் மே 13ஆம் திகதி தொலைபேசியில் நடந்தது. நான்காவது தவணை வரி கட்ட 15ஆம் திகதி கடைசி நாள். மேசையில் பதினெட்டுக் கோப்புகள் கிடந்தன. பழைய சோனகத் தெருவிலிருந்து முதலாளி அழைத்தார். "தம்பி, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. இங்கிலீசில் இருக்கிறது. பெரிய தொகை ஒன்று போட்டிருக்கிறார்கள்."

"வரும்போது கொண்டு வாருங்கள் ஐயா" என்றேன்.

என்ன தொகை என்று கேட்கவில்லை. மேலே என்ன தலைப்பு, என்ன திகதி என்று கேட்கவில்லை. ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. அந்தக் கிழமை அப்படி அழைத்தவர்கள் எல்லோருக்கும் அதையேதான் சொன்னேன், அவர்களில் எவருக்கும் எதுவும் ஆகவில்லை என்பது என் பக்க நியாயம். ஆனால் மே 27ஆம் திகதி அவர் வந்தாரே. கடைப் பையன்களின் ஊழியர் சேமலாப நிதிப் படிவங்களைக் கொண்டு வந்தார். இருவரும் பிளேன்டீ குடித்தோம். கண்ணைப் பற்றிப் பேசினோம், எந்த டொக்டர், எவ்வளவு முடியும் என்றெல்லாம். கடிதத்தை அவர் மறந்துவிட்டு வந்திருந்தார். நான் அதைக் கேட்க மறந்தேன். அன்றைக்கு இன்னும் பதினைந்து நாட்கள் மிச்சம் இருந்தன.

ஆடிவேல் கிழமையில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. நிலுவை வரிக்காக அவருடைய கணக்கிலுள்ள பணத்தைக் கேட்டுத் திணைக்களம் வங்கிக்கு அறிவித்தல் அனுப்பியிருந்தது. இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். உங்களிடம் அறவிட வேண்டியதை உங்களுக்குப் பணம் தர வேண்டியவரிடமே நேரடியாகக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, வங்கியும் அந்த வகையில் ஒரு கடனாளிதான். வங்கி மேலாளர் செய்வதற்கு ஒன்றுமில்லை. முதலாளிக்கு அது விளங்கவில்லை. அன்று காலை அவர் சிமெந்து ஏஜெண்டுக்குக் கொடுத்திருந்த காசோலை திரும்பிவிட்டது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை என்றார். அந்த எண்ணை அவர் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை, நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

கேட்ட தொகை 31 இலட்சம். 2022/23 வரி ஆண்டுக்கு அவர் வருமான விபரத்திரட்டே சமர்ப்பிக்கவில்லை. ஆகவே திணைக்களம் தானாகவே ஒரு மதிப்பீடு செய்திருந்தது. வங்கியில் வந்து விழுந்ததையெல்லாம் வருமானமாக எடுத்திருந்தார்கள். அதில் பெரும்பகுதி கனடாவிலுள்ள மகன் ஊரில் வீடு கட்ட அனுப்பிய காசு. 30 நாட்களுக்குள் நிருவாக மீளாய்வு, அதாவது மதிப்பீட்டைத் திரும்பப் பார்க்கும்படி, கேட்டிருந்தால் வங்கித் துண்டுகளைக் காட்டி முடித்திருக்கலாம்.

அவர் பங்குக்கும் பிழை இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். விபரத்திரட்டுக்கு 2023 நவம்பர் 30 கடைசி நாள். அந்த மாதம் மூன்று தடவை அழைத்தேன். "கடையை மூடுவதா வைத்திருப்பதா என்று யோசிக்கிறேன், உங்களுக்கு வரி" என்று சிரித்தார். டொலர் 360 ரூபாவைத் தாண்டிப் போன ஆண்டின் கணக்கு அது. இலாபம் எது, விலையேற்றம் எது என்று எனக்கே பிரிக்கச் சிரமமாக இருந்தது. நான்காவது தடவை நான் அழைக்கவில்லை. மூன்று தடவை போதாதா? போதும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் சற்று உயர்ந்துவிடுகிறது.

காலம் கடந்த பிறகும் மீளாய்வு கேட்க ஒரு வழி உண்டு. நாட்டில் இல்லாதிருந்தது, சுகயீனம், அல்லது வேறு நியாயமான காரணம் காட்ட வேண்டும். முதலாவது அவருக்குப் பொருந்தாது, கடவுச்சீட்டே எடுக்காத மனிதர். 'வேறு நியாயமான காரணம்' என்ற இடத்தில் எழுத வேண்டியது என்னைப் பற்றி. அதை எங்கள் கந்தோரின் பெரியவரிடம் சொன்னேன், அரை மனதோடுதான். "கணக்காளரின் கவனக்குறைவை நியாயமான காரணம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? எது ஏற்கப்படுமோ அதை எழுது. மனிதருக்குக் காசு வெளியே வர வேண்டும்" என்றார். சரியான ஆலோசனை. அவர் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குள் ஏதோ இறங்கி இலேசானதே, அது முதலாளியின் காசை நினைத்து அல்ல.

மறுநாள் கடிதத்தோடு கடைக்குப் போனேன். இரும்புக் கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் அவருடைய சிறிய மேசை. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். எழுத்து இப்போது நன்றாகத் தெரிகிறதாம், வாசிக்கத்தான் முடியாது. கையொப்பத்துக்கு நான் பென்சிலால் ஒரு சிறிய புள்ளடி போட்டிருந்தேன்.

"என்ன எழுதியிருக்கிறீர்கள், தம்பி?"

"கண் ஒப்பரேஷன் நடந்ததால் உரிய காலத்தில் பதில் போட முடியவில்லை என்று, ஐயா."

புள்ளடியின் மேல் பேனையை வைத்தவர் எடுத்துவிட்டார். "கடிதம் அதற்கு முதலே வந்துவிட்டதே. உங்களுக்குத்தானே சொன்னேன்."

நான் பேசவில்லை. வெளியே ஒரு லொறி பின்னால் வந்துகொண்டிருந்தது. பையன் ஒருவன் பலகையில் தட்டித் தட்டி வழி சொன்னான். அது நிற்கும் வரை முதலாளி காத்திருந்தார்.

"சரி, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிக் கையொப்பம் வைத்தார்.

இந்த வசனத்தை எத்தனை விதமாக ஒலித்துப் பார்த்துவிட்டேன். கடைக்காரர்கள் எங்களிடம் நாளுக்குப் பத்துத் தடவை சொல்வது, வெறும் மரியாதை. அப்படித்தான் இருக்கும். அல்லது, யாருடைய பிழையை இந்தக் கடிதம் மூடுகிறது என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்டாரா? அவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரம் இறப்பரை எடுத்துப் பென்சில் புள்ளடியை அழித்துக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பத்தோடு கிளினிக் கொப்பியின் பிரதியையும் கொடுத்தோம். கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தர் திகதிகளை விரலால் எண்ணினார். "ஜூன் 2க்கு முன்னால்?" என்று மட்டும் கேட்டார். "அதற்கு முதலே பார்வை மங்கிவிட்டது" என்றேன். அதுவும் உண்மை, பார்வை மங்காமலா கண்ணை வெட்டினார்கள்? அவர் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

மீளாய்வு கிடைத்தது. மகன் அனுப்பிய காசு கழிக்கப்பட்டது. உண்மையில் கட்ட வேண்டியிருந்த 4 இலட்சத்து 20 ஆயிரத்தையும், தண்டத்தையும், மாதம் ஒன்றரை வீத வட்டியையும் ஆறு தவணையில் கட்ட ஒழுங்கு செய்தோம். கணக்கு வழமைக்குத் திரும்ப ஐந்து கிழமை சென்றது. சிமெந்து ஏஜெண்ட் மட்டும் திரும்பவில்லை. இப்போதும் அவருக்குக் கைக்காசுதான், முப்பத்தொரு வருடக் கடன் நாணயம் ஒரு காலையோடு போய்விட்டது. எந்த மீளாய்வு விண்ணப்பத்திலும் அதற்கு ஒரு கூடு கிடையாது.

உண்மையை எழுதியிருந்தால்? விண்ணப்பம் தள்ளுபடியாகியிருக்கும், அவர் 31 இலட்சத்தைச் சுமந்திருப்பார், என் மனச்சாட்சி சுத்தமாக இருந்திருக்கும். அதைவிட இது மேல். இப்படி எழுதிவிட்டு வாசித்துப் பார்க்கிறேன், ஒன்று விடுபட்டிருக்கிறது. திணைக்களத்துக்கு எழுதாவிட்டாலும் அவரிடமாவது சொல்லியிருக்கலாம். "பிழை என்னுடையது ஐயா" என்று. அதற்கு எந்தச் சட்டமும் காலக்கெடு வைக்கவில்லை. அதன் பிறகு எட்டுத் தடவையாவது சந்தித்திருப்போம். கட்டணத்தில் ஐயாயிரம் குறைத்துப் போட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

சென்ற கிழமை அதே தெருவிலிருந்து ஒருவர் வந்தார், பெயின்ட் கடைக்காரர். முதலாளிதான் அனுப்பினாராம், தம்பி நல்ல கெட்டிக்காரர் என்று சொல்லி. அவருக்கும் மதிப்பீடு வந்து நாள் கடந்திருந்தது. சொப்பிங் பையிலிருந்து ஒரு கிளினிக் கொப்பியை எடுத்து, நான் கேட்காமலே என் முன்னால் வைத்தார்.

"அவருக்கு எழுதின மாதிரி எனக்கும் ஒன்று எழுதித் தாருங்கள். எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது."