மோகனத்துக்கு நாலு குரல்

கிறிஸ்துமஸ் நெருங்கினால் தக்கலைப் பக்கத்துச் சபைகளிலிருந்து கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "அண்ணே, இந்தக் கீர்த்தனைக்கு நாலு பார்ட் எழுதித் தரணும்." மேல்நாட்டு மெட்டில் வரும் பாமாலைப் பாட்டு என்றால் நான் தேவையே இல்லை, சொப்ரானோ, ஆல்டோ (பெண்குரலில் மேல், கீழ்), டெனர், பேஸ் (ஆண்குரலில் மேல், கீழ்) எல்லாம் புத்தகத்திலேயே இருக்கும். நம் ராகத்தில் அமைந்த கீர்த்தனைதான் படுத்தும்.

மோகன ராகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ச ரி க ப த, அவ்வளவுதான். இந்த ஐந்து சுரத்தில் முழுசாக அமைகிற கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரம், இரண்டே இரண்டு: ச-க-ப மேஜர், த-ச-க மைனர். கீபோர்டு பையன்களின் கை பழக்கத்தில் ம-த-ச, ப-நி-ரி என்று போய்விடும். ஒன்றில் ம நுழைகிறது, மற்றதில் நி. ஆல்டோவும் அதையே பிடித்துப் பாடினால் மோகனம் எழுந்து போய், சங்கராபரணம் வந்து உட்கார்ந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பாட்டு.

அதனால் நான் குறைத்தே எழுதுவேன். பேஸுக்கு நீளமாக ச, ப. நி கேட்கிற இடத்தில் வெறும் ப-ரி, நடுவில் ஒன்றும் வைப்பதில்லை. பல்லவியில் ஆல்டோவுக்கு 'ஆ' மட்டும். "எங்களுக்குப் பாட்டே இல்லியா?" என்று அக்காமார் கோபிப்பார்கள். சரி, அனுபல்லவி மெட்டை அவர்களிடமே கொடுத்துவிட்டு சொப்ரானோவைச் சும்மா இருக்கச் சொல்வேன். தணிந்த பெண்குரலில் மோகனம் தனி அழகு, என்னைக் கேட்டால்.

அப்புறம் பேண்டு செட். சுருதி இரண்டரைக் கட்டை, அதாவது இ ஃப்ளாட். கித்தார்காரர் முதல் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி டி-யில் வாசித்துக்கொள்வார். ஊதுகிற வாத்தியங்களில் சிலவற்றுக்குத் தாளில் எழுதிய சுரம் ஒன்று, கேட்கிற சுரம் வேறு; அதனால் பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு எஃப்-இல் எழுத வேண்டும், ஆல்டோ சாக்ஸுக்கு சி-யில். "ட்ரான்ஸ்போஸ் அமுக்கினா போதும்லா அண்ணே?" என்பான் கீபோர்டு பையன். அவனுக்குப் போதும், ஊதுகிறவருக்கு ஏது பட்டன்?

தாளின் தலையில் வாத்தியத்தின் பெயரைச் சிவப்பு மையில் கொட்டையாக எழுதிவிடுவேன். கிளாரினெட் தாள் சாக்ஸ்காரர் கையில் போனால் அவருடைய ச நம்முடைய ம-வில் விழும். இவ்வளவு பாடுபட்டு வெளியே நிறுத்திய அதே ம.